காத்திருக்க முடிந்தவன் வைத்ததே விலை

பதுக்கலைத் தண்டிக்க இந்தியாவில் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சட்டம் இருக்கிறது. பதுக்கலும் இருக்கிறது. அர்த்தசாஸ்திரத்திலிருந்து அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் வரை, கிடங்கைப் பூட்டி விலையை ஏற்றும் கலையின் வரலாறு.

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்து, மகசூல் சரிந்திருந்தது. மாநில அரசுகள் களத்தில் இறங்கின. மகாராஷ்டிரத்தில் தொடங்கிப் பல மாநிலங்களில் கிடங்குகளின் பூட்டுகள் திறக்கப்பட்டன. சில வாரங்களில் கைப்பற்றப்பட்ட பருப்பு வகைகள் ஒரு லட்சம் டன்னைத் தாண்டின. தொலைக்காட்சிகளில் மூட்டைகள் மலை போலத் தெரிந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காட்சி மாறுகிறது. இந்தியா அப்போது ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கும் அதிகமான பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிடிபட்ட ஒரு லட்சம் டன் நாட்டின் இரண்டு நாள் சாப்பாடு. பதுக்கல் நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு நாள் பருப்பைப் பறிமுதல் செய்து ஓராண்டுப் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியாது என்பதே அர்த்தம்.

எல்லாக் காலத்திலும் ஆட்சியாளர்களைத் தடுமாற வைத்த கேள்வி இதில்தான் இருக்கிறது. அறுவடை நேரத்தில் வாங்கி, வருஷம் முழுவதும் விற்பவர் வியாபாரி. அதே சரக்கை அதே கிடங்கில் வைத்து, விலை ஏறும்வரை கதவைத் திறக்காதவர் பதுக்கல்காரர். மூட்டையைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வித்தியாசம் சரக்கின் அளவில் இல்லை. யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதில் இருக்கிறது. கடன் வாங்கிப் பயிரிட்ட விவசாயியால் அறுவடைக்குப் பின் காத்திருக்க முடியாது. வாங்கிச் சாப்பிடுகிறவரால் ஒரு நாள்கூட முடியாது. இருவருக்கும் நடுவில், பணமும் கிடங்கும் உள்ளவரால் மட்டும் முடியும்.

அரசனும் ஒரு வியாபாரி

கௌடில்யருக்கு இது தெரிந்திருந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழைநூல் நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடியிலிருந்து ஷாமசாஸ்திரி 1909-ல் அச்சேற்றிய அர்த்தசாஸ்திரத்தில், சமூகத்தின் முட்களைக் களைவது பற்றித் தனிப் பகுதியே உண்டு. திருடர்களும் ஏமாற்றுக்காரர்களும் மட்டுமல்ல, வியாபாரிகளும் அந்த முட்களில் சேர்த்தி. அவர்கள் கூட்டுச் சேர்ந்து சரக்கை நிறுத்திவைத்தாலோ, அதிக விலைக்கு விற்றாலோ 1,000 பணம் அபராதம். உள்நாட்டுச் சரக்குக்கு 5 சதவீதமும் வெளிநாட்டுச் சரக்குக்கு 10 சதவீதமும் லாபம் வைக்கலாம். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே தானியத்தைச் சேமிக்கலாம். அனுமதியின்றிச் சேர்த்ததை அரசின் வணிக அதிகாரி எடுத்துக்கொள்வார். இருபதாம் நூற்றாண்டின் லைசென்ஸ் முறையும் இருப்பு வரம்பும் அன்றே எழுதப்பட்டுவிட்டன.

ஆனால் அதே நூலின் இன்னொரு பகுதி, அந்த வணிக அதிகாரிக்கே வேறொரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது. ஏராளமாக விளைந்து கிடக்கும் சரக்கை ஒரே இடத்தில் சேர்த்து அதன் விலையை உயர்த்த வேண்டும். அந்த விலை கிடைத்தபின் வேறு விலை வைக்க வேண்டும். வியாபாரிகள் கூடிச் செய்தால் 1,000 பணம் அபராதத்துக்குரிய குற்றம். அரசன் செய்தால் வருவாய். பதுக்கலை எதிர்க்கும் அரசுகள் தாமே பெரிய கிடங்குக்காரர்களாகவும் இருந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது.

டெல்லி மண்டியில் ஒற்றர்கள்

பதுக்கலை உண்மையிலேயே அடக்கிய ஆட்சி என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியை. மங்கோலியப் படையெடுப்புகளைத் தடுக்க அவருக்குப் பெரிய படை வேண்டியிருந்தது. குறைந்த சம்பளத்தில் படைவீரன் குடும்பம் நடத்த வேண்டுமானால் டெல்லியில் தானிய விலை ஏறக் கூடாது. ஜியாவுதீன் பரணி எழுதிவைத்த விலைப்பட்டியலின்படி ஒரு மணு கோதுமை ஏழரை ஜிட்டல், வாற்கோதுமை 4, அரிசி 5.

விலை நிர்ணயித்த அரசர்கள் பலர் உண்டு. அலாவுதீன் அதோடு நிற்கவில்லை. கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட பகுதியில் வரியைத் தானியமாகவே வாங்கி அரசுக் கிடங்குகளை நிரப்பினார். தானியம் சுமந்து வரும் வண்டிக்கார வணிகர்களைக் குடும்பத்தோடு யமுனைக் கரையில் குடியமர்த்தினார். மண்டிக்குத் தனி அதிகாரி. அவர் அனுப்பும் தகவல் சரியா என்று பார்க்கச் செய்தி அதிகாரிகள். அவர்களையும் சரிபார்க்க ரகசிய ஒற்றர்கள். அன்றாட விலை சுல்தானுக்கு மூன்று வழிகளில் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது. மழை குறைந்த ஆண்டில் விலையை அரை ஜிட்டல் உயர்த்தலாமா என்று கேட்ட மண்டி அதிகாரிக்குத் தடியடி கிடைத்தது என்கிறார் பரணி. பதுக்கிய தானியம் பறிமுதல் ஆனது.

பஞ்ச காலத்திலும் டெல்லியில் விலை அசையவில்லை என்று வியக்கும் அதே பரணியின் எழுத்தில், இதற்கு விலை கொடுத்தது யார் என்பதும் தெரிகிறது. விவசாயிகள் தானியத்தைக் களத்திலேயே, சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் வைத்திருந்து பின்னர் விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. காத்திருக்கும் வசதியை வியாபாரியிடமிருந்து பறித்த சுல்தான், அதை விவசாயியிடம் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்டார். 1316-ல் அவர் இறந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்தது. ஒற்றர்கள் போனார்கள், பழைய விலைகள் வந்தன.

கும்பினியின் அரிசி

அரசும் வியாபாரியும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதை வங்காளம் 1769-70-ல் கண்டது. 1765-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிடைத்திருந்தது. மழை தவறியது. கம்பெனியின் ஆங்கில ஊழியர்களும் அவர்களுடைய குமாஸ்தாக்களும் சொந்த வியாபாரத்துக்காக அரிசியை வாங்கிக் குவித்து, பல மடங்கு விலைக்கு விற்பதாகப் புகார்கள் எழுந்தன. வரி நிர்வாகத்தைக் கவனித்த முகமது ரேஸா கான் இதைப் பற்றி முறையிட்டார். லண்டனில் இருந்த இயக்குநர்களே 1771-ல் கல்கத்தாவுக்கு எழுதிய கடிதத்தில் கோபப்பட்டார்கள். வங்காளத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் மடிந்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-ல் மதிப்பிட்டார். வரி வசூல் மட்டும் குறையவில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார்.

அதே 1772-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சந்தைக்கு வருமுன் சரக்கை மடக்கி வாங்குவதற்கும் மொத்தமாக வாங்கிக் குவிப்பதற்கும் எதிரான பழைய சட்டங்களை ரத்து செய்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித் இந்தப் போக்கை வரவேற்றார். தானிய வியாபாரிகள் மீது மக்களுக்கு இருந்த அச்சத்தை, சூனியக்காரிகள் மீதான அச்சத்தோடு அவர் ஒப்பிட்டார். பற்றாக்குறை வரும் என்று முன்கூட்டியே கணித்து விலையை ஏற்றும் வியாபாரி, மக்களை முதலிலிருந்தே சிக்கனமாக இருக்க வைக்கிறார். அதனால் கையிருப்பு அடுத்த அறுவடை வரை தாக்குப்பிடிக்கிறது என்பது அவர் வாதம். ஆனால் அதே அத்தியாயத்தில் அவர் வங்காளத்தையும் குறிப்பிடுகிறார்: வறட்சி வெறும் தட்டுப்பாட்டோடு போயிருக்கும், அதைப் பஞ்சமாக மாற்றியது கம்பெனி ஊழியர்கள் அரிசி வியாபாரத்தில் விதித்த கட்டுப்பாடுகளாக இருக்கலாம் என்று.

பின்னால் வந்த அதிகாரிகள் ஸ்மித்தின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1866-ல் ஒரிசாவில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தபோது, நேரில் வந்து பார்த்த வங்காளத் துணைநிலை ஆளுநர் சிசில் பீடன், விலையில் அரசு தலையிடாது என்று அறிவித்தார். விலை ஏறினால் வியாபாரிகள் தாமாகவே அரிசி கொண்டுவருவார்கள் என்பது கல்கத்தாவின் கணிப்பு. வியாபாரிகள் வரவில்லை. பருவமழை தொடங்கியதும் துறைமுகங்கள் பயனற்றுப்போயின. அரசே அரிசி அனுப்ப நினைத்தபோது வழி இல்லை. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

வெள்ளியில் மூழ்கிய வங்கி

மடக்கி வாங்குகிறவரிடம் காத்திருக்கும் சக்தி தீர்ந்துபோனால் என்ன ஆகும்? பம்பாய் அதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. இந்தியன் ஸ்பீசி வங்கியை நடத்திய சுனிலால் சரையா, லண்டன் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்தார். அவருடைய கணக்கு எளிமையானது. இந்திய அரசுக்கு ரூபாய் நாணயம் அடிக்க வெள்ளி வேண்டும். வெள்ளி முழுவதும் ஒரு குழுவின் கையில் இருந்தால் அவர்கள் சொன்னதே விலை.

இந்திய அமைச்சகம் முந்திக்கொண்டது. 1912-ல் சாமுவேல் மாண்டேகு நிறுவனத்தின் மூலம் சத்தமில்லாமல் வெள்ளி வாங்கியது. விஷயம் வெளியே வந்தபோது லண்டனில் பெரிய சர்ச்சை. அந்த நிறுவனத்தின் பங்குதாரரான நாடாளுமன்ற உறுப்பினர் பதவியிழந்து மீண்டும் இடைத்தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. பம்பாயில் விளைவு இன்னும் கடுமை. எதிர்பார்த்த வாடிக்கையாளர் வரவில்லை. வாங்கிய வெள்ளியில் பணம் முடங்கிக் கிடக்க, 1913-ன் இறுதியில் வங்கி மூடப்பட்டது. அதில் பணம் போட்டவர்களுக்கு வெள்ளி வியாபாரத்தில் எந்தப் பங்கும் இல்லை. நஷ்டத்தில் மட்டும் பங்கு கிடைத்தது.

வெள்ளி இல்லாமல் யாரும் சாவதில்லை. அரிசி அப்படி அல்ல.

கல்கத்தா, 1943

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று வங்காளக் கடற்கரை மாவட்டங்களிலிருந்து அரிசியையும் படகுகளையும் அரசு அகற்றியது. அக்டோபரில் மிதுனபுரியைப் புயல் தாக்கியது. 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 13 முதல் 14 ரூபாய். மார்ச்சில் 21. மே மாதத்தில் 30-ஐத் தாண்டியது. ஆகஸ்டில் 37.

யார் பதுக்கினார்கள் என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: காத்திருக்க முடிந்த எல்லோரும். வியாபாரிகள் வைத்திருந்தார்கள். பெரிய மிராசுதாரர்கள் வைத்திருந்தார்கள். தொழிலாளர்களுக்குக் கொடுக்க ஆலை முதலாளிகள் வாங்கி வைத்தார்கள். கல்கத்தாவுக்காக மாகாண அரசின் ஏஜென்டுகள் கிராமம் கிராமமாக வாங்கினார்கள். நடுத்தரக் குடும்பங்கள் பயத்தில் இரண்டு மூட்டை அதிகமாக வாங்கின. நிலமற்ற விவசாயக் கூலிக்கும் மீனவருக்கும் படகோட்டிக்கும் வைத்திருக்க எதுவும் இல்லை. இறந்தவர்களில் அவர்களே அதிகம். பட்டினிக்குக் காரணம் அரிசி இல்லாதது மட்டுமல்ல, அதை வாங்கும் சக்தி இல்லாததும்தான் என்று 1981-ல் வெளிவந்த தன் நூலில் அமர்த்தியா சென் விளக்கியது இந்த நிலைமையைத்தான்.

1943 ஜூனில் மாகாண அரசு பதுக்கல் வேட்டை நடத்தியது. கிராமங்களில் வீடு வீடாக இருப்புக் கணக்கு எடுத்தார்கள். பெரிய வியாபாரிகள் இருந்த கல்கத்தாவும் ஹவுராவும் அந்த வேட்டையிலிருந்து முதலில் விலக்கப்பட்டிருந்தன. கிராமத்தில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஜான் வுட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு 1945-ல் அறிக்கை கொடுத்தது. இறப்புகள் 15 லட்சம் என்றது அக்குழு. பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்கிறார்கள். அந்த ஆண்டு அரிசி வியாபாரத்தில் கிடைத்த அசாதாரண லாபம் 150 கோடி ரூபாய் என்ற கணக்கையும் குழு பதிவு செய்தது. தான் மதிப்பிட்ட இறப்புகளால் வகுத்து, ஒரு சாவுக்குச் சுமார் 1,000 ரூபாய் என்று குழுவே எழுதியது.

சட்டத்தின் நீண்ட கை

சுதந்திர இந்தியாவின் பதுக்கல் சட்டங்களை இந்த நினைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1946-ல் தற்காலிகச் சட்டம். 1955-ல் நிரந்தரமான அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். 1980-ல் கள்ளச் சந்தைக்காரர்களை ஆறு மாதம் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்க இன்னொரு சட்டம். எவ்வளவு சரக்கு வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கலாம், எங்கே கொண்டுபோகலாம் என்று ஆணையிட அரசுக்கு அதிகாரம் கிடைத்தது.

இந்தச் சட்டத்தின் பார்வை முழுவதும் மூட்டையின் மீது. துவரையில் அடுத்து நடந்தது அதன் பலவீனத்தைக் காட்டியது. 2015-ன் விலையைப் பார்த்த விவசாயிகள் அடுத்த பருவத்தில் துவரையை அள்ளி விதைத்தார்கள். மழையும் கைகொடுத்தது. 2015-16-ல் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி, 2016-17-ல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. அரசு அறிவித்த ஆதார விலை போனஸோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். மண்டிகளில் அதற்கும் கீழே போனது. விளைச்சல் அமோகமாக இருக்கும் ஆண்டில் வாங்கி வைக்கத் தனியார் வியாபாரிகள் வேண்டும்; இருப்பு வரம்பு அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. விலை ஏறியபோது நுகர்வோரைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, விலை விழுந்தபோது விவசாயியை வெளியே நிறுத்தியது.

வெங்காயத்தின் அரசியல்

வெங்காயத்தில் இந்த முரண்பாடு ஆண்டுதோறும் அரங்கேறுகிறது. 1980 தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரசார ஆயுதமாக்கினார். 1998-ல் டெல்லியில் பா.ஜ.க. ஆட்சியை இழந்ததற்கு வெங்காய விலை ஒரு முக்கியக் காரணம். அன்றுமுதல் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், நாசிக் மாவட்டத்து லாசல்காவ் மண்டியின் ஏல விலையைப் பார்த்துக் கலங்காத அமைச்சர் இல்லை.

மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ரபி வெங்காயம்தான் நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதி. அக்டோபர், நவம்பர் வரை நாடு சாப்பிடுவது அதைத்தான். யாராவது அதைச் சேமித்தே ஆக வேண்டும். மூங்கில் தட்டியடித்த காற்றோட்டமான கொட்டகைகளில் வைத்தாலும் மாதங்கள் போகப்போக எடை குறையும், அழுகும், முளைவிடும். வெங்காயத்தைப் பதுக்குவதும் சூதாட்டமே. புதுப்பயிர் நன்றாக வந்தால் வைத்திருந்தவர் நஷ்டம். அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் அவர் ராஜா. 2010-ன் கடைசி மாதங்களில் மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் மழை கொட்டியது. சில்லறை விலை 70 ரூபாயைத் தாண்டியது. வருமான வரித் துறை வியாபாரிகளின் கதவைத் தட்டியது.

இந்தியப் போட்டி ஆணையம் கேட்டுக்கொண்டதால் பெங்களூரின் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் 2012-ல் வெங்காயச் சந்தைகளை ஆராய்ந்தது. சில பெரிய வியாபாரிகளின் கையில் மண்டிகள் இருப்பதையும், அவர்களுக்கிடையே நெடுநாள் உறவுகள் இருப்பதையும், புதியவர்கள் நுழைவது கடினம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஏலத்தில் பத்துப் பேர் நின்றாலும் போட்டி இல்லாவிட்டால் அது ஏலம் ஆகாது. இருப்பு வரம்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் குறைவு. எத்தனை குவிண்டால் என்று எண்ணும் அதிகாரி, யாரோடு யார் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று கேட்பதில்லை.

2018 நவம்பரில் நாசிக் மாவட்ட விவசாயி ஒருவர், 750 கிலோ வெங்காயம் விற்றுக் கிடைத்த 1,064 ரூபாயைப் பிரதமர் அலுவலகத்துக்கு மணியார்டர் அனுப்பினார். ஓராண்டு கழித்து, 2019-ன் இறுதியில், நகரங்களில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த செப்டம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்து, மொத்த வியாபாரிக்கு 500 குவிண்டால், சில்லறை வியாபாரிக்கு 100 குவிண்டால் என்று வரம்பு வைத்தது. டிசம்பரில் அதையும் பாதியாக்கியது. விலை விழுந்தால் விவசாயி சுமக்கிறார். ஏறினால் தடை வந்து அவர் லாபத்தைத் தடுக்கிறது.

2020-ல் அரசு எதிர்த்திசையில் திரும்பியது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. அழுகும் பொருள்களின் சில்லறை விலை 100 சதவீதமும் மற்றவற்றின் விலை 50 சதவீதமும் ஏறினால்தான் இருப்பு வரம்பு என்றது திருத்தம். தனியார் முதலீட்டில் கிடங்குகள் பெருகும் என்றார்கள் ஆதரவாளர்கள்; பெரிய நிறுவனங்கள் பதுக்க இது திறந்த கதவு என்றார்கள் எதிர்த்தவர்கள். செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. அக்டோபர் 23-ல் வெங்காயத்துக்கு இருப்பு வரம்பு மீண்டும் வந்தது: மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன். 2021-ன் இறுதியில், விவசாயிகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின், மற்ற இரண்டு வேளாண் சட்டங்களோடு இந்தத் திருத்தமும் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜூனில் கோதுமைக்கு 15 ஆண்டுகளுக்குப் பின் இருப்பு வரம்பு வந்தது. ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. லாசல்காவ் உள்பட நாசிக் மண்டிகள் எதிர்ப்புத் தெரிவித்து மூடிக்கிடந்தன. அதே நேரத்தில் அரசு தன் சொந்த வெங்காய இருப்பை 3 லட்சம் டன்னிலிருந்து 5 லட்சம் டன்னாக உயர்த்தியது. கௌடில்யரின் வணிக அதிகாரிக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரிந்திருக்காது.

பயன் தரக்கூடிய இரண்டு மாற்றங்கள், பறிமுதல் அளவுக்குப் பரபரப்பில்லாமல், நடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, இருப்பை மறைக்க முடியாமல் செய்வது. 2021 முதல் பருப்பு வியாபாரிகளும் ஆலைகளும் இறக்குமதியாளர்களும் தங்கள் இருப்பை அரசின் இணையதளத்தில் அறிவிக்குமாறு கேட்கப்பட்டிருக்கிறார்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தால், இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்ட முடியாது. இன்னொன்று, விவசாயியும் காத்திருக்க வழி செய்வது. 2007-ன் கிடங்குச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற கிடங்கில் விளைச்சலை வைத்துவிட்டு அதற்கான ரசீதை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். 2017 முதல் இந்த ரசீது மின்னணு வடிவிலும் கிடைக்கிறது. அறுவடைக்கு மறுநாள் விற்றாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லையென்றால், மண்டியில் நாலு பேர் பேசிவைத்த விலைக்கு மதிப்புக் குறையும்.

ஆனால் கிடங்கு பக்கத்தில் இருக்க வேண்டும். சின்ன விவசாயி கொண்டுவரும் பத்து மூட்டையையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டும். வங்கி மேலாளர் ரசீதைப் பார்த்ததும் கடன் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமையாத ஊர்களில், அறுவடை நாளன்று களத்து ஓரத்தில் லாரியோடு வந்து நிற்பவர் சொல்வதே இன்றைக்கும் விலை.